வடக்கு ஒன்டாரியோ போகிறீர்களா? பெரிய சாமானை பஸ்ஸில் போட்டுவிடுங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடக்கில் சட்பரி, நார்த் பே, டிம்மின்ஸ், தண்டர் பே பக்கம் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம் ஆட்களில் பலர் முதலில் டொராண்டோவில் சொந்தக்காரர் வீட்டிலோ நண்பர் அறையிலோ இறங்குகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் சாமான் பெருகிவிடும். ஸ்கார்பரோ கடையில் வாங்கிய கிரைண்டர், யாரோ சும்மா கொடுத்த சைக்கிள், புத்தகப் பெட்டி, கம்பளி, பாத்திரம் எல்லாம் சேர்ந்த பிறகுதான் இதையெல்லாம் எப்படிக் கொண்டு போவது என்ற கேள்வி வரும். டொராண்டோவிலிருந்து சட்பரி நானூறு கிலோமீட்டர், தண்டர் பே ஆயிரத்து நானூறு. வேன் வாடகைக்கு எடுத்தால் பெட்ரோலோடு சேர்த்துக் கையைக் கடிக்கும், அதிலும் புதிதாக வந்தவரிடம் இந்த ஊர் லைசென்ஸும் இருக்காது.

கூரியரில் போடலாமே என்பீர்கள். பெட்டி பெரிசாக இருந்தால் அங்கேதான் அடி விழும். பல கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, அது நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்கே காசு வாங்குவார்கள். ஒரு சைக்கிள் பெட்டி 140×80×25 என்று வையுங்கள், கணக்கில் 56 கிலோ. உள்ளே இருப்பதோ பதினைந்து, பதினாறு கிலோ சைக்கிள்! கனடா போஸ்ட்டிலோ 30 கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், எந்தப் பக்கமும் இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது.

அதனால்தான் பஸ்ஸைப் பாருங்கள் என்கிறேன். ஒன்டாரியோ நார்த்லேண்ட் என்பது மாகாண அரசின் நிறுவனம், தலைமையகம் நார்த் பேயில். டொராண்டோவிலிருந்து வடக்கே பயணிகள் பஸ் ஓட்டுகிறார்கள், அதன் அடிப்பெட்டியில் பார்சலும் ஏற்றுகிறார்கள். எப்படியும் போகிற பஸ், வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்பும் செலவும் இல்லை, அதனால் பெரிய பெட்டிக்குப் பல நேரம் கூரியரைவிடக் குறைவாக வரும். பல நேரம் என்றுதான் சொல்கிறேன், அளவையும் எடையையும் சொல்லி இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய ஆட்கள் "கிரேஹவுண்டில் போட்டுவிடு" என்பார்கள். கிரேஹவுண்ட் என்ற அந்த பஸ் கம்பெனி 2018 அக்டோபர் கடைசியில் மேற்கு கனடாவை விட்டது, 2021 மே மாதம் கனடாவுக்குள் ஓடிய பஸ்களை மொத்தமாகவே நிறுத்திவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். கிழக்குக் கடலோரத்தில் ஹாலிஃபாக்ஸ், மாங்க்டன் பக்கம் இருப்பவர்கள் அங்கே ஓடும் மாரிடைம் பஸ்ஸில் கேளுங்கள், அவர்களும் பார்சல் எடுக்கிறார்கள்.

ஊரில் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது, ஆனால் டிரைவர் கையில் ஏதோ கொடுத்து "கொஞ்சம் இறக்கி விட்டுடுங்க அண்ணே" என்பது இங்கே நடக்காது. கவுண்டரில் எடை போட்டு, ரசீது போட்டு, பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பஸ் நிற்கிற எல்லா இடத்திலும் பார்சல் வாங்குவார்கள் என்றும் நினைக்காதீர்கள். எங்கே கொடுப்பது, போய்ச் சேரும் ஊரில் கவுண்டர் உண்டா, ஒரு பெட்டி அதிகபட்சம் எவ்வளவு எடை, எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை முதலிலேயே போன் செய்து கேளுங்கள். நாற்பது கிலோவில் ஒரே பெட்டி கட்டுவதைவிட இருபது கிலோவில் இரண்டாகக் கட்டினால் தூக்குகிறவருக்கும் நல்லது, உங்கள் சாமானுக்கும் நல்லது.

கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரைண்டர் அனுப்பினால் கல்லை வெளியே எடுத்துத் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள், உள்ளேயே விட்டால் குலுங்குகிற குலுங்கலில் டிரம் நசுங்கிவிடும். (ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டு வருவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம், இங்கே 120 வோல்ட், அது ஓடாது. இங்கேயே வாங்குங்கள்.) சைக்கிளுக்கு சைக்கிள் கடையில் கேட்டால் காலிப் பெட்டி கொடுப்பார்கள், பெடலையும் முன் சக்கரத்தையும் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி வைத்தால் அடங்கிவிடும். குளிர்காலத்தில் ஊறுகாய் பாட்டில், சாம்பார் எதையும் இதில் போடாதீர்கள், வடக்கே மைனஸ் முப்பது சாதாரணம், உறைந்து கண்ணாடி வெடித்தால் கூட இருக்கும் துணியெல்லாம் போச்சு. வீணை, மிருதங்கம் இருந்தால் கூடவே வைத்துக்கொண்டு பயணம் செய்யுங்கள், அதை மட்டும் நான் யாரையும் பார்சலில் போட விட மாட்டேன். காஸ் சிலிண்டர், பெயின்ட், மின்சைக்கிள் பேட்டரி போன்றவை ஆபத்தான சரக்கு, சொல்லாமல் உள்ளே வைத்து அனுப்பக் கூடாது.

பெயர், முகவரி, போன் நம்பரை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், பெட்டிக்குள்ளும் ஒரு தாள் போடுங்கள். நீங்களே அந்த பஸ்ஸில் போவதாக இருந்தால் டிக்கெட்டோடு எத்தனை பெட்டி இலவசம், கூடுதல் பெட்டிக்கு என்ன கட்டணம் என்று பாருங்கள், பார்சலைவிட அதுவே மலிவாக முடியலாம்.

அவசரச் சாமானுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். பயணிகளின் பெட்டிக்குத்தான் முதல் இடம், மீதி இடத்தில்தான் பார்சல். கிறிஸ்துமஸ் சமயத்திலும், கல்லூரி திறக்கும் வாரத்திலும் உங்கள் பெட்டி அடுத்த பஸ்ஸுக்குத் தள்ளிப்போகலாம், பனி கொட்டி நெடுஞ்சாலையை மூடினால் பஸ்ஸே நின்றுவிடும். மெத்தை, மேசை மாதிரிச் சாமானை அனுப்பவே வேண்டாம், ஏப்ரல் கடைசியில் மாணவர்கள் அறையைக் காலி செய்யும்போது அந்த ஊரிலேயே சல்லிசாகக் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்ததும் கவுண்டருக்கு அடையாள அட்டையும் ரசீதும் எடுத்துப் போங்கள். சின்ன ஊர்களில் கவுண்டர் நாள் முழுக்கத் திறந்திருக்காது, நேரம் கேட்டுவிட்டுப் போங்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாங்கியதும் அங்கேயே பிரித்துப் பாருங்கள், உடைந்திருந்தால் போட்டோ எடுத்து, கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.