வீட்டில் பாட்டுப் போட்டி: அல்ட்ராஸ்டார் டீலக்ஸைச் சரியாக அமைப்பது

அல்ட்ராஸ்டார் டீலக்ஸ் இலவசமான, திறந்த மூல கரோக்கி விளையாட்டு. 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த சிங்ஸ்டாரின் பாணியில் உருவானது. ஒரு லேப்டாப், டிவி, இரண்டு மைக் இருந்தால் போதும். பாட்டு ஓடும்போது திரையில் சுரங்கள் சாம்பல் பட்டைகளாக வரும். உங்கள் குரல் அதே சுரத்தைப் பிடித்தால் பட்டை நிறையும். முழு மதிப்பெண் 10,000. வரி போனஸைப் போட்டு வைத்திருந்தால் அதில் 1,000 வரியை முழுசாகப் பாடியதற்கு.

இந்த விளையாட்டுக்குச் சொற்கள் கேட்காது, சுரம் மட்டும்தான் கேட்கும். வரி மறந்தவர் ‘ம்ம்’ என்று முனகினாலும் மதிப்பெண் விழும். ஸ்தாயியையும் பார்க்காது. ஆணும் பெண்ணும் ஒரே பாட்டை அவரவர் ஸ்தாயியில் பாடலாம்.

மைக் கம்பி வைத்ததாகவே இருக்கட்டும். பழைய சிங்ஸ்டார் மைக் ஜோடி கிடைத்தால் அதற்கு ஈடில்லை. இரண்டும் ஒரே யுஎஸ்பி பெட்டியில் சேரும்; கணினிக்கு இடது, வலது சேனலாகத் தெரியும். ஒலிப்பதிவு அமைப்பில் இடது சேனலை முதல் ஆளுக்கும் வலது சேனலை இரண்டாம் ஆளுக்கும் கொடுங்கள். ஸ்பீக்கரோடு சேர்ந்து வரும் ப்ளூடூத் கரோக்கி மைக்கை நம்பாதீர்கள். குரல் பெரும்பாலும் அதன் சொந்த ஸ்பீக்கரோடு நின்றுவிடும், கணினிக்கு வராது.

விருந்தைக் கெடுப்பது பெரும்பாலும் தாமதம்தான். நன்றாகப் பாடுபவருக்கும் 3,000 தாண்டவில்லை என்றால் குரலைக் குறை சொல்லாமல் ஒலியைக் கவனியுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் சர்வசாதாரணமாக 100 மில்லிவிநாடிக்கு மேல் தாமதிக்கும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி வழியே ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுங்கள், டிவிக்குப் படம் மட்டும் போகட்டும். டிவியை ‘கேம் மோட்’டில் வையுங்கள். பிறகு ஒருவர் ஒவ்வொரு பட்டைக்கும் வெட்டினாற்போல ‘த’, ‘த’ என்று பாடட்டும். நிறம் எப்போதும் பட்டைக்கு வலப்புறம் தள்ளி விழுந்தால் மைக் தாமத அளவை 20 மில்லிவிநாடியாக ஏற்றிக்கொண்டே வந்து பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்தது பேய்ச் சோதனை. யாரும் வாய் திறக்காமல் ஒரு பாட்டை ஓடவிடுங்கள். மதிப்பெண் ஏறினால் பாடுவது ஸ்பீக்கர்! ஸ்பீக்கரைப் பாடுபவருக்கு எதிரில், மைக்கின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து ஒலியைக் குறையுங்கள். அப்படியும் ஏறினால் மைக் வாசல் அளவை (இதற்குக் கீழே உள்ள மெல்லிய ஒலியை விளையாட்டு கண்டுகொள்ளாது) 10லிருந்து 15 அல்லது 20 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். அதற்கும் மேல் போனால் மெல்லிய குரல்காரர்கள் பாவம். மைக்கை வாயிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் குரல் குழம்பும்.

எளிய நிலையில் இரண்டு சுரத்தானம் (அரைச் சுரம்) மேலே கீழே போனாலும் ஏற்கும். ஸ்தாயி கணக்கில்லாததால் 12 சுரத்தானங்களில் 5 சரியாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாலும் ஓரளவு தேறும். குழந்தைகளுக்கு அது சரி. பெரியவர்களுக்கு ஒரு சுரத்தானம் மட்டும் விட்டுக்கொடுக்கும் நடுநிலைதான் சுவாரசியம். கடின நிலை ஒரு சுரத்தானம்கூட விடாது.

தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் பெரும்பாலும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். பாட்டுக்கு ஒரு எளிய உரைக் கோப்பு. ஒவ்வொரு அசைக்கும் ஒரு வரி: பட்டையின் வகைக் குறி, தொடங்கும் இடம், நீளம், சுர எண், அசை. சுர எண் 0 என்பது ஒரு கட்டை (மேற்கத்திய ‘சி’) ‘ச’. அங்கிருந்து அரைச் சுரத்துக்கு ஒன்று கூடும்: ‘ப’ 7, மேல் ‘ச’ 12. பாட்டு ஐந்து கட்டை என்றால் ‘ச’ 7இல் தொடங்கும். கோப்பில் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) 300 என்று போட்டால் இடத்தையும் நீளத்தையும் அளக்கும் ஒரு அலகு 50 மில்லிவிநாடி, ஏனென்றால் விளையாட்டு அதை நான்கால் பெருக்கிக்கொள்ளும்.

கமகம்தான் பெரிய தலைவலி. ஒரு அசை மூன்று சுரங்களில் வழுக்கினால் அதை மூன்று பட்டையாக உடைத்து, பின்னிரண்டில் எழுத்துக்குப் பதில் ‘~’ குறி போடுங்கள். உதறும் பிருகாவை எழுதவே வேண்டாம். மதிப்பெண் இல்லாத சுதந்திரப் பட்டையாக விட்டுவிடுங்கள். வசனத்துக்கும் அதே வழி. எல்லோரும் சேர்ந்து கத்தும் பல்லவி உச்சத்துக்குத் தங்கப் பட்டை வையுங்கள், அதற்கு இரட்டை மதிப்பெண். கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். அப்படியும் திரையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறினால் பாட்டை ஆங்கில எழுத்தில் அடித்துவிடுவதுதான் விடுதலை.

மற்ற பாட்டெல்லாம் சரியாக ஓட, ஒரே ஒரு பாட்டு மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகினால் தவறு அதன் கோப்பில் உள்ள ‘கேப்’ எண்ணில் (பாட்டு தொடங்கி முதல் பட்டை வரும்வரை உள்ள மில்லிவிநாடி) இருக்கிறது. பட்டை குரலுக்கு முன்னால் வந்தால் அந்த எண்ணைக் கூட்டுங்கள். தொடக்கம் சரியாக இருந்து போகப்போக விலகினால் பிபிஎம் தப்பு.

நிறையப் பேர் இருந்தால் தனித்தனிப் போட்டி வேண்டாம், காத்திருப்பவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். பார்ட்டி பயன்முறையில் இரண்டு அணி பிரித்து ‘டீம் டூயல்’ போடுங்கள். பாட்டின் நடுவில் மைக் கை மாறும். நீளமான யுஎஸ்பி கம்பி இல்லையென்றால் இந்தக் கட்டத்தில்தான் லேப்டாப் மேசையிலிருந்து இழுபட்டு விழும். கம்பியை மேசைக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.