வழி விட்டவள் ஏன் அவுட்? சாஃப்ட்பாலில் பேட்டர் செய்யும் இடையூறுத் தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த சாஃப்ட்பால் மைதானத்திலும் சுண்ணாம்புக் கோடு நிற்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வரும் அந்தக் காற்றை மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். காலையில் போட்ட கோட்டை மத்தியானத்துக்குள் அது துடைத்துவிடும். மற்ற கோடுகள் மங்கினால் சமாளித்துக்கொள்ளலாம். ஹோம் பிளேட்டுக்கு இரு பக்கமும், பந்தை அடிக்கும் பேட்டர் நிற்பதற்கென்று இருக்கும் பேட்டர் பாக்ஸ் கோடு மங்கினால்தான் தகராறு. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரும் அணி தமிழில் கேட்கும், பாலக்காடு டவுன் அணி மலையாளத்தில் கேட்கும். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "பேட்டர் மேல் என்ன தப்பு?"

நான் பயிற்சி கொடுக்கும் பெண்களில் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அவுட் ஆகியிருந்தது. எங்கள் ரன்னர் இரண்டாம் பேஸில் நின்றாள். பந்து போடும் பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பியதுமே மூன்றாம் பேஸைத் திருட, அதாவது அடிக்குக் காத்திராமல் பிடிக்க, ஓடினாள். பேட்டர் வலது கைக்காரி. பந்தை அடிக்காமல் விட்டுவிட்டாள். பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் மூன்றாம் பேஸுக்கு எறியப்போகிறாள் என்று தெரிந்ததும், அவளுக்கு இடம் விடுவோம் என்று இரண்டு எட்டு பின்னால் வைத்தாள். அதே நொடியில் கேட்சரும் பேட்டருக்குப் பின்புறமாக நகர்ந்து எறிய வந்தாள். கேட்சரின் முழங்கை பேட்டரின் தோளில் இடித்தது. பந்து மூன்றாம் பேஸைத் தாண்டித் தென்னந்தோப்புப் பக்கம் போனது. ரன்னர் ஹோமுக்கே வந்துவிட்டாள். நாங்கள் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே அம்பயர் கையைத் தூக்கினார்: டெட் பால் (ஆட்டம் அங்கேயே நின்றது), பேட்டர் அவுட், ரன்னர் திரும்ப இரண்டாம் பேஸுக்கு.

"நான் வழிதானே விட்டேன் சார், அதுக்கு அவுட்டா?" என்று கண் கலங்கக் கேட்டாள். அம்பயர் சொன்னது சரியான தீர்ப்பு. "கேட்சர் எறியும்போது வழி விடு" என்று பயிற்சியில் பழக்கியிருந்தவன் நான்தான். அன்றோடு அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

பேட்டர் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது, இதுதான் அதிகம் நடப்பதும். பேட்டர் பாக்ஸ் 7 அடி நீளம், 3 அடி அகலம். உள்பக்கக் கோடு பிளேட்டிலிருந்து 6 அங்குலம் தள்ளி இருக்கும். கோடும் பாக்ஸில் சேர்ந்ததுதான். கேட்சர் ஆட்டத்தில் இருக்கும்போது பாக்ஸை விட்டு வெளியே வந்து, அதனால் அவள் பிடிப்பதோ எறிவதோ தடைப்பட்டால் பேட்டர் அவுட். வேண்டுமென்றே செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்ற கேள்வியே இங்கே கிடையாது. பாக்ஸுக்குள் தன் இடத்தில் அசையாமல் நிற்பவள் மேல் கேட்சர் எறிந்த பந்து பட்டால், அது கேட்சர் பாடு. பந்து உயிரோடுதான் இருக்கும், ரன்னர்கள் ஓடலாம்.

வலது கை பேட்டர் நிற்பது மூன்றாம் பேஸ் பக்கம். அதனால் மூன்றாம் பேஸுக்கு எறியும்போது கேட்சருக்கு முன்னால் அவள் ஒரு தூண் மாதிரி நிற்கிறாள். அந்தத் தூணைச் சுற்றிப் போவது கேட்சரின் வேலை. நல்ல கேட்சர் முன்னாலா பின்னாலா என்று கண நேரத்தில் முடிவெடுப்பாள். பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடிதான், யோசிக்க நேரமில்லை. அந்தச் சமயத்தில் தூண் நகர்ந்தால் அவள் கணக்கு தப்பிவிடும். அதற்காகத்தான் இந்த விதி.

இன்னொரு வகையும் உண்டு. வெளியே போகும் பந்தை வீசி அடித்துத் தவறவிட்டு, வேகத்தில் பிளேட்டின் குறுக்கே விழுவது. ஸ்விங்கின் வேகம்தானே, நானா விழுந்தேன் என்று கேட்பார்கள். அந்த வாதம் எடுபடாது. கேட்சர் எறிய வரும் வழியில் விழுந்து எறிதலைக் கெடுத்தால் இடையூறுதான். ஸ்விங்கை முடித்துக் கால் ஊன்றி நிற்கப் பழகுவது பேட்டிங்குக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

சரி, அப்படியானால் பாக்ஸுக்குள் இருந்தால் எதுவும் ஆகாதா? அடுத்த தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாக்ஸ் ஒன்றும் கோட்டை இல்லை. உள்ளே நின்றுகொண்டே கேட்சர் எறியும் பக்கம் சாய்வது, மட்டையைக் குறுக்கே நீட்டுவது, எறிந்த பந்தை வேண்டுமென்றே தட்டிவிடுவது எல்லாம் அவுட்தான்.

அதைவிட முக்கியம், மூன்றாம் பேஸில் ரன்னர் இருக்கும் நேரம். பிட்சர் போட்ட பந்து கேட்சரைத் தாண்டிப் பின்வேலி வரை உருண்டு போகிறது, ரன்னர் ஹோமுக்கு ஓடி வருகிறாள், பிட்சர் பிளேட்டைக் காக்க இறங்கி வருகிறாள். இப்போது பாக்ஸில் மரம் மாதிரி நிற்கக் கூடாது. விலக நேரம் இருந்தும் விலகாமல் நின்று, பிளேட்டில் நடக்கும் ஆட்டத்துக்குத் தடையானால் அது இடையூறு. ஸ்டீல் (பேஸ் திருட்டு) நடக்கும்போது நிற்கச் சொன்ன நானே இங்கே போகச் சொல்கிறேன். பந்து பிளேட்டை விட்டு வெளியே எறியப்பட்டால் நிற்க வேண்டும். பந்தும் ரன்னரும் பிளேட்டை நோக்கி வந்தால் போக வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஹோமில் நடக்கும் இந்த இடையூறுக்கு அவுட் கொடுப்பது பேட்டருக்கா ரன்னருக்கா என்பது விதிநூலுக்கு விதிநூல் மாறும். ஆட்டம் தொடங்கும் முன் அம்பயரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆன பேட்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்சரின் முன்னால் நடந்து போவாள். எனக்குத்தான் அவுட் கொடுத்தாயிற்றே, இனி என்ன என்ற நினைப்பு. அவள் குறுக்கே போனதால் கேட்சரின் எறிதல் தடைப்பட்டால், ஹோமுக்கு மிக அருகில் இருக்கும் ரன்னரையும் அம்பயர் அவுட் கொடுப்பார். ஒரே பந்தில் இரண்டு அவுட். அவுட் ஆனவள் கேட்சர் எறிந்து முடிக்கும் வரை இருந்த இடத்திலேயே நிற்கட்டும்.

மட்டை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழு மட்டை கையை விட்டுப் பறந்து, ஆடிக்கொண்டிருக்கும் ஃபீல்டருக்குத் தடையானால் இடையூறு. மட்டை உடைந்து அதன் துண்டு போய் விழுந்தால் இல்லை. அடித்துவிட்டுக் கீழே போட்ட மட்டை மேல் பந்து தானாக உருண்டு வந்து பட்டால் ஆட்டம் தொடரும். மட்டை போய்ப் பந்தை இரண்டாம் முறை தட்டினால் அவுட்.

அடித்த பிறகும் ஒரு கோடு காத்திருக்கிறது. ஹோமிலிருந்து முதல் பேஸுக்குப் போகும் வழியில் பின்பாதி 30 அடிக்கு, 3 அடி அகலத்தில் ஒரு ஓடுபாதை உண்டு. அதை விட்டு உள்ளே ஓடி, முதல் பேஸில் எறிதலை வாங்கும் ஃபீல்டருக்குத் தடையானால் அவுட். இங்கே அந்தக் கோட்டைப் பல பள்ளிகள் போடுவதே இல்லை. போடாமலே பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் போட்டியில் போய்த்தான் அதை முதல் தடவை பார்க்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கேட்சர்களுக்கும் ஒரு வார்த்தை. "பேட்டர் மேலயே எறி, அவுட் கிடைச்சிடும்" என்று வெளியிலிருந்து கத்துவதை இரண்டு மொழியிலும் கேட்டிருக்கிறேன். அப்படி எறிவது ஆபத்து. அவள் பாக்ஸுக்குள் சும்மா நின்றிருந்தால் பலனும் இல்லை, பந்துதான் எங்கோ போகும். வழியைப் பார்த்து உண்மையாக எறிய முயலுங்கள். அப்போதுதான் தடை நடந்ததா என்று அம்பயருக்கும் தெரியும்.

டிவியில் பேஸ்பால் பார்த்துப் பழகியவர்கள் சொல்லிலேயே குழம்புகிறார்கள். பேட்டரின் ஸ்விங்கை கேட்சரின் கையுறை தடுத்தால் அங்கே அதையும் இன்டர்ஃபியரன்ஸ் என்பார்கள். சாஃப்ட்பாலில் அதற்குப் பெயர் அப்ஸ்ட்ரக்‌ஷன். பேட்டிங் பக்கம் தடுத்தால் இன்டர்ஃபியரன்ஸ், ஃபீல்டிங் பக்கம் தடுத்தால் அப்ஸ்ட்ரக்‌ஷன். முதலாவதில் பந்து அங்கேயே டெட். இரண்டாவதில் அம்பயர் இடது கையை நீட்டிக் காட்டுவார், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கை நீண்டிருப்பதைப் பார்த்து ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து நின்றுவிடாதீர்கள்.

இப்போது எங்கள் பயிற்சியில் சுண்ணாம்பை நம்புவதில்லை. தேங்காய் நார்க் கயிற்றை 7 அடிக்கும் 3 அடிக்கும் இழுத்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்து மண்ணோடு மண்ணாகப் பதித்துவிடுகிறோம். பாதத்துக்கே கோடு தெரிகிறது. அடுத்து ஆட வேண்டியவள் வெளியே நின்று குரல் கொடுப்பாள். ஸ்டீல் என்றால் "நில்லு", பந்து பின்வேலிக்குப் போனால் "போ". அந்த "போ" கேட்டதும் மட்டையோடு விலகி, கண்ணைப் பந்திலேயே வைத்துக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை. அன்றைக்கு அழுதவள்தான் இப்போது எல்லாரையும்விடச் சத்தமாகக் குரல் கொடுக்கிறாள்.