மகளிர் பாடசாலைக்கு உதவும்போது கொழும்பில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கொழும்பில் ஒரு மகளிர் பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய மாணவிகள் சங்கம், கோயில் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் கடை வைத்திருப்பவர்கள், டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு அனுப்புபவர்கள் என்று ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" பிசகு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாங்கிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. வாங்கிய பொருளை அடுத்த வருஷம் யார் பார்ப்பது என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. கோயிலில் விளக்கெரிய வேண்டும் என்று நினைத்தவர் ஒரு போத்தல் எண்ணெயோடு நிற்கவில்லை, எண்ணெய்க்கு வருமானம் தரும் காணியையும் எழுதிவைத்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கியதும், 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானதும் சமூகத்தின் கொடையால்தான். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் அரசின் நிதியுதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அதன்பின் சம்பளமும் பாடப்புத்தகமும் அரசின் பொறுப்பாயின. ஆகவே இன்று கொடை போக வேண்டிய இடம் வேறு.

அரசு தருவதையே திரும்பக் கொடுப்பது

பாடப்புத்தகம் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் அரசிடமிருந்து இலவசமாக வருகின்றன. இது தெரிந்தும் தெரியாமலும், ஜனவரி வந்தால் வெள்ளைத் துணியும் புத்தகப்பையும் கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. துணி கிடைத்த பிள்ளைக்கு அடுத்த பிரச்சினை தையல் கூலி. அதை யாரும் கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் துணி மடித்தபடியே கிடக்க, பிள்ளை போன வருஷத்துச் சட்டையின் மடிப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வருவாள். சப்பாத்து, காலுறை, ரை, விளையாட்டு உடை, உயர்தர (A/L) விஞ்ஞானப் பிரிவுக்கான செய்முறைக் கொப்பிகள், வான் காசு அல்லது பஸ் சீசன், கண் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி ஆகியவைதான் வீட்டின் தலையில் விழும் செலவுகள். இவற்றில் வான் காசுதான் பெரியது. மட்டக்குளியிலிருந்தோ முகத்துவாரத்திலிருந்தோ பம்பலப்பிட்டிக்கு வரும் பிள்ளைக்கு அது மாதாமாதம் வரும் செலவு. வான் நின்றால் வரவு குறையும். வரவு குறைந்தால் தவணைப் பரீட்சையில் தெரியும்.

ஆகவே பட்டியல் போடுவதற்கு முன் வகுப்பாசிரியையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். போன தவணையில் அதிக நாள் வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை? வரவுப் பதிவேடு பொய் சொல்லாது. அதிபரின் பட்டியலில் மேலே நிற்பது மேடையும் ஒலிபெருக்கியுமாக இருக்கலாம். அதில் குற்றமில்லை, அவருக்கு விழா நடத்த வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் நம்பி நிதி சேர்க்காதீர்கள்.

கணினி, ஸ்மார்ட் போர்ட், கப்பலில் வரும் பெட்டிகள்

இருபது கணினிகள் கொண்ட அறையைத் திறந்துவைப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது. மூன்றாம் வருஷம் அதே அறைக்குப் போய்ப் பாருங்கள். யூபிஎஸ் பட்டரி செத்திருக்கும். கடலோரத்துப் பாடசாலை என்றால் உப்புக்காற்றில் மதர்போர்ட் முனைகள் பச்சை பூத்திருக்கும். குளிரூட்டி ஓடினால் மின்கட்டணம் ஏறுகிறது என்று அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டிய அறையில் ஈரம் சேர்ந்து பழுது இன்னும் வேகமாக வரும். வாங்கும் விலையில் ஐந்திலொரு பங்கையாவது ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாவிட்டால், இருபதுக்குப் பதில் பன்னிரண்டு வாங்குங்கள். மிச்சக் காசில் பழுதுபார்ப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். பன்னிரண்டு ஓடும் கணினிகள் இருபது உறங்கும் கணினிகளைவிட மேல்.

வெளிநாட்டில் அலுவலகங்கள் கழித்துப் போட்ட கணினிகளைச் சேர்த்துக் கப்பலில் அனுப்புவது இன்னொரு பழக்கம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரங்கள் சந்தையில் மலிந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். துறைமுகத்தில் சுங்க ஆவணம் தாமதித்தால் நாளுக்கு நாள் தாமதக் கட்டணம் ஏறும். அந்தக் காசுக்கு இங்கேயே உத்தரவாதத்துடன் புதியது வாங்கிவிடலாம். புத்தகப் பெட்டிகளின் கதையும் இதுதான். இங்கிலாந்தின் பாடத்திட்டத்துக்கு எழுதிய பயிற்சிப் புத்தகம் தமிழ் மொழியில் சாதாரண தரப் (O/L) பரீட்சை எழுதும் பிள்ளைக்கு எதற்கு? அது நூலக அலுமாரியில் கறையானுக்குத்தான் தீனி. தமிழில் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள், நல்ல தமிழ் அகராதி, உயர்தரத் துணைநூல்கள் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி வாங்குங்கள். ஒரேயொரு பிரதி வாங்கினால் அது ஆசிரியையின் மேசையைத் தாண்டி வராது.

மலசலகூடத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது

பெயர்ப்பலகை வைக்க ஆள் இல்லாத ஒரே கட்டடம் இதுதான். மாணவிகளின் வரவில் நேரடியாகக் கைவைக்கும் கட்டடமும் இதுவே. உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு 25 மாணவிகளுக்கு ஒரு மலசலகூடம். ஆயிரம் பிள்ளைகள் படித்தால் 40 வேண்டும். பத்துதான் இருக்கிறது என்று வையுங்கள். இடைவேளையின் 20 நிமிடத்தில் 300 பிள்ளைகள் போனால் ஒன்றுக்கு 30 பேர், ஆளுக்கு 40 விநாடி. இந்தக் கணக்கு எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம். அதனால்தான் காலை 7.30க்கு வந்து 1.30க்கு வீடு போகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுவதும் இதனால்தான்.

புதிதாகக் கட்டுவதற்கு முன் இருப்பதைத் திருத்துங்கள். கதவுக்கு உள்ளே ஒழுங்காகப் பூட்டும் கொண்டி, பையை மாட்ட ஒரு கொளுக்கி, மூடியுள்ள குப்பை வாளி, கையெட்டும் உயரத்தில் தண்ணீர்க் குழாய், சவர்க்காரம், மாலையில் எரியும் ஒரு மின்குமிழ். மலிவான பிளாஸ்டிக் குழாய் ஆறு மாதத்தில் சொட்டத் தொடங்கும். பித்தளைக் குழாய் வாங்கி, அதற்கான வாஷரை ஒரு பெட்டியில் காவலாளியிடம் கொடுத்துவையுங்கள். சுத்தம் செய்பவரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், வெள்ளை ஓடு பதித்த புதிய அறை ஒரு தவணைக்குள் பழையபடி ஆகும். மாதவிடாய் அணையாடையைப் பாடசாலையில் வைத்துக் கொடுப்பவர்கள், பயன்படுத்தியதை எந்த நாளில் யார் அகற்றுவது என்பதையும் எழுத்தில் முடிவு செய்யுங்கள். பொதியை அலுவலகத்தில் பூட்டி வைத்து, பிள்ளை போய் ஆண் எழுதுவினைஞரிடம் கேட்டு வாங்க வைப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம். மலசலகூடத்துக்கு அருகிலேயே திறந்த அலுமாரியில் வைத்து, குறைந்தால் நிரப்பும் பொறுப்பை ஒரு மூத்த மாணவியிடம் கொடுங்கள்.

உதவித்தொகையைப் புள்ளிக்கு மட்டும் கொடுப்பது

முதலிடம் வந்தவளுக்குப் பரிசு கொடுப்பது எளிது, படமும் நன்றாக வரும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து தகுதி பெற்ற பிள்ளைக்கு அரசின் மாதக் கொடுப்பனவு இருக்கிறது. 750 ரூபாயாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டம் 1,500 ஆக்கியது. பாடசாலையை விட்டு நழுவுபவள் முதலிடத்திலும் இல்லை, கடைசியிலும் இல்லை. வகுப்பின் நடுவில் இருக்கிறாள். சாதாரண தரம் எழுதி முடித்து, முடிவு வந்து உயர்தர வகுப்பு தொடங்கும்வரை மாதக்கணக்கில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் புறக்கோட்டைத் துணிக்கடையில் காசாளர் வேலை கிடைத்தால், வீட்டுக்கு அந்தச் சம்பளம் பழகிவிடும். பிறகு "படிக்கப் போ" என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வராது. உதவித்தொகை நின்றுவிடும் மாதமும் பெரும்பாலும் அதுதான், பரீட்சை முடிந்துவிட்டதே என்று. கொடுப்பனவைத் தரம் 10இல் தொடங்கி, அந்த இடைவெளியையும் சேர்த்து, உயர்தரப் பரீட்சை எழுதும் மாதம்வரை எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

டியூஷன் காசுக்காகக் கேட்டால் முதலில் வகுப்பாசிரியையின் கடிதத்தோடு டியூஷன் ஆசிரியரிடம் ஃப்ரீ கார்ட், அதாவது கட்டணமில்லாமல் படிக்கும் அட்டை, கேளுங்கள். கொழும்பில் பல ஆசிரியர்கள் கொடுக்கிறார்கள். மிச்சமாகும் காசு பயணச் செலவுக்கு உதவும்.

நிலையான வைப்பை நம்பி அதிகம் வாக்குக் கொடுப்பது

இதில் விழுந்தவர்கள் ஏராளம். 2023 தொடக்கத்தில் வங்கிகள் ஒரு வருட வைப்புக்கு 20 சதவீதத்துக்கும் மேல் கொடுத்தன. 10 இலட்சம் போட்டால் இரண்டு இலட்சம் வட்டி. வட்டியிலிருந்து வங்கியே பிடித்துக்கொள்ளும், அப்போது 5 சதவீதமாக இருந்த நிறுத்திவைப்பு வரி போக 1,90,000 கையில் வரும். மாதம் 3,500 வீதம் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 42,000. நான்கு பேருக்கு 1,68,000. சங்கம் நான்கு பேரைத் தெரிவு செய்தது. 2024 முடிவில் வட்டி 8 சதவீதத்தளவுக்கு இறங்கியது, 2025 ஏப்ரல் முதல் வரி 10 சதவீதம் ஆனது. அதே 10 இலட்சத்துக்கு அந்தக் கணக்கில் 72,000தான். ஒரு பிள்ளைக்குக் கொடுத்து 30,000 மிஞ்சும், இரண்டாமவளுக்குப் போதாது. மற்ற மூவரையும் என்ன சொல்லி நிறுத்துவது?

பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைந்த வட்டியில் கணக்கிடுங்கள். வட்டி ஏறும் வருஷத்தில் மிச்சத்தை முதலோடு சேருங்கள், புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் வட்டியில் பத்திலொன்றாவது முதலுக்குத் திரும்பட்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டபோது, ரூபாயில் நிறுத்திய உதவித்தொகையின் பெறுமதி ஒரே வருஷத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு கரைந்தது. அதனால் தொகையை ரூபாயில் எழுதாமல் "வான் காசும் கொப்பியும்" என்று செலவில் எழுதிவைப்பது நல்லது.

காசு போகும் வழியைப் பார்க்காமல் விடுவது

பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். அவர் கனடா போய்விட்டால், அல்லது காலமானால், நிதி அவர் குடும்பத்தின் தலைவலியாகிவிடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கு, அல்லது பதிவு செய்த பழைய மாணவிகள் சங்கத்தின் கணக்கு, இரண்டு கையொப்பம், இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. இந்த மூன்றும் இருந்தால் போதும். பொருளாகக் கொடுத்தால் அது பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாத பொருளுக்குத் திருத்தச் செலவு கேட்க அதிபராலும் முடியாது, தொலைந்தால் தேடவும் ஆளில்லை.

கட்டடம் என்றால் எந்த அலுவலகத்திடம் போக வேண்டும் என்பதில் பலர் ஒரு வருஷத்தை வீணாக்குகிறார்கள். தேசியப் பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ் வரும், மாகாணப் பாடசாலை மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். எழுத்தில் அனுமதி கிடைக்கும் முன் மேசன் பாஸுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பித்திருக்கும் பெற்றோரிடமிருந்து அனுமதி முடியும்வரை எந்த "அன்பளிப்பும்" வாங்கக் கூடாது. ஒரு கதிரையைக்கூட. அனுமதிக்குக் காசு கேட்ட அதிபர்களை லஞ்ச ஊழல் ஆணைக்குழு கைது செய்திருக்கிறது. நன்கொடைப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் அது காப்பாற்றாது.

பிள்ளையை மேடையில் நிறுத்துவது

காலைக் கூட்டத்தில் பெயர் வாசித்து, ஒவ்வொருத்தியாக வந்து சப்பாத்துப் பெட்டியை வாங்க, பின்னால் பதாகை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நாள் மறக்காது. அடுத்த வருஷம் தேவை இருந்தும் பெயர் கொடுக்க மறுப்பவர்கள் இதனால்தான் மறுக்கிறார்கள். பிறகு நாம் "இந்த முறை தேவைப்பட்டவர்கள் குறைவு" என்று அறிக்கை எழுதுவோம். சப்பாத்தைக் கடையிலிருந்தே வாங்கட்டும்: கடைக்கு அளவு சொல்லி, அங்கே காட்டி வாங்கும் துண்டைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. அளவும் சரியாக இருக்கும். பேஸ்புக்குக்குப் படம் வேண்டுமென்றால் திருத்திய அறையையும் நிரம்பிய அலுமாரியையும் எடுங்கள்.

உதவி பெறும் மாணவியின் தொலைபேசி இலக்கத்தை நன்கொடையாளரிடம் கொடுக்கக் கூடாது. வீடியோ அழைப்பில் நன்றி சொல்ல வைப்பதும் கூடாது. கடிதம் எழுதினால் வகுப்பாசிரியை வாசித்து, சங்கத்தின் முகவரி வழியாகப் போகட்டும். வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளையைப் பார்க்க விரும்பும் நன்கொடையாளர் பாடசாலை நேரத்தில், ஆசிரியை பக்கத்தில் இருக்கப் பார்க்கலாம். வெளியே சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகும் பேச்சே வேண்டாம். யாராவது இதை மீறினாலோ சந்தேகம் வந்தாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த இலக்கத்தை மலசலகூடக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். யாரும் பார்க்காமல் நின்று குறித்துக்கொள்ளப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் அது.