புதிய கம்பைலர் வந்ததும் பழையதை அழிக்காதீர்கள்

பல வருடமாக நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சி புரோகிராமை, சி கோடைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் 9-ஆம் பதிப்பிலிருந்து ஒரே தாவலாக 14-க்குக் கொண்டுபோனேன். கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆனாலும் திரை நிறைய எரர். பழைய கம்பைலரை முந்தைய நாளே அழித்திருந்தேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். பில்ட் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் ‘சிசி’ வேரியபிளை மாற்றினால் போதும். எது பழைய பழக்கம், எது புதிய கோளாறு என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கட்டாயம் வேண்டும்.

அடுத்து, பில்ட் ஃபோல்டரை முழுசாக அழியுங்கள். பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக், முதல்முறை கண்ட கம்பைலரைத் தன் கேஷில் எழுதி வைத்துக்கொள்ளும். எனக்கு இதிலேயே அரை நாள் போனது.

எரர்களில் முதலாவதை மட்டும் படியுங்கள். அதைச் சரிசெய்தால் பின்னால் வருபவை பாதி தானாகப் போய்விடும். வார்னிங்கை எரராக்கும் ‘டபிள்யூஎரர்’ போட்டிருந்தால் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

ஒரே வேரியபிள் பல இடத்தில் இருப்பதாக, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் கத்தினால், அது 2020-இல் வந்த ஜிசிசி 10-இன் மாற்றம். பல சி ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் ஃபைலில் ‘எக்ஸ்டெர்ன்’ இல்லாமல் அறிவித்ததை முன்பு லிங்க்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். இப்போது ஹெடரில் ‘எக்ஸ்டெர்ன்’ போட்டு, ஏதாவது ஒரே ஒரு சி ஃபைலில் வரையறுக்க வேண்டும். ‘எஃப்காமன்’ ஃபிளாக் பழைய பழக்கத்தைத் திருப்பித் தரும். அவசரத்துக்கு மட்டும்.

14-இல் எனக்கு வந்த கோபம் வேறு. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதுவரை வெறும் வார்னிங், இப்போது எரர். ‘எஃப்பெர்மிஸிவ்’ போட்டு வாயை அடைக்கலாம், நானும் அடைத்தேன். பிறகு சந்தேகம் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பாயிண்டர், அதாவது நினைவக முகவரி, திருப்பித் தரும் என் சொந்த ஃபங்ஷன் அது, ஹெடரைச் சேர்க்க மறந்திருந்தேன். அறிவிப்பு இல்லாவிட்டால் திரும்பி வருவது ‘இன்ட்’, அதாவது முழு எண், என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு 32 பிட்தான் மிஞ்சும். சில கணினிகளில் மட்டும் புரோகிராம் ஏன் விழுந்தது என்று வருடக்கணக்கில் தேடியதற்கு விடை அதுதான். சரி, திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் கம்பைல் ஆகியும் விடை தப்பாக வந்தால் கோடை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷனை அணைத்துப் பாருங்கள். அப்போது விடை சரியென்றால் பெரும்பாலும் நம் கோடில்தான் ஓட்டை. குறியுள்ள முழு எண் நிரம்பி வழிவதை நம்பி எழுதிய சோதனைகளைக் கம்பைலர் தூக்கி எறியலாம், சி மொழி அதை அனுமதிக்கிறது. இப்படிப்பட்ட இடங்களை ஓடும்போதே பிடிக்கும் அண்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரைப் போட்டு ஓட்டினால் வரி எண்ணோடு காட்டும்.

இனிமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பதிப்பு மட்டும் தாவுவது என்று வைத்திருக்கிறேன். அடுத்தது 15. அதில் சி மொழியின் சி23 தரம்தான் இயல்பு, ‘பூல்’ மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டது. என் பழைய ஹெடரில் ‘பூல்’ என்று நானே ஒரு டைப்டெஃப், அதாவது ஒரு வகைக்குச் சொந்தப் பெயர், வைத்திருக்கிறேன். இந்த வார இறுதியில் அதற்குத்தான் கத்தரி.