கந்தக பாலிமர்: குடுவையிலிருந்து காப்புரிமை வரை

மும்பை மாட்டுங்கா ஆய்வகத்தில் கந்தக பாலிமர் செய்ய வரும் மாணவர்களிடம் முதலில் சொல்வது: சில கிராமில் தொடங்குங்கள். கந்தகத்தை எண்ணெய்க் குளியலில் உருக்கி 185 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோங்கள். 159-ஐத் தாண்டும்போதே எட்டணு வளையங்கள் திறந்து சங்கிலியாகும், மஞ்சள் செந்நிறமாகும். அப்புறம் அந்தச் சங்கிலிகளை இணைக்கும் மோனோமரான (பாலிமரின் அடிப்படை மூலக்கூறு) டைஐசோபுரொப்பெனைல்பென்சீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வினை தானே சூடேறும். அவசரப்பட்டால் கைமீறி நச்சு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். ஃபியூம் ஹூட் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) இல்லாமல் தொடவே கூடாது. ஆறியதும் டிஎஸ்சி (சூடேற்றும்போது பொருள் உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் சோதனை) எடுங்கள். 115–120 டிகிரி அருகே உருகல் முகடு தெரிந்தால் வினைபடாத கந்தகம் மிச்சமிருக்கிறது.

சரி, காப்புரிமை. இந்த முறையை அரிசோனா பல்கலைக்கழகக் குழு 2013-லேயே வெளியிட்டுவிட்டது, அதனால் முறையை மட்டும் புதிது என்று கோர முடியாது. உங்கள் புது மோனோமரும், அதனால் ஒளிவிலகல் எண்ணோ வெப்பம் தாங்கும் திறனோ கூடியதைக் காட்டும் ஒப்பீட்டு அளவீடுகளும்தான் உங்கள் பலம். வெறும் கலவை என்றால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(e) மறித்துவிடும். கருத்தரங்கில் போஸ்டர் வைக்கும் முன்பே தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரம்) தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். ஆண்டாப் ஹில்லில் உள்ள மும்பை காப்புரிமை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், இணையத்திலேயே முடியும். வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிப்பதானால் அதே சட்டத்தின் பிரிவு 39-இன்படி அனுமதி வாங்கிவிடுங்கள்.