கை வேலை செய்கிறது, மூளை செய்கிறதா? தொடக்க வகுப்புச் செய்முறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களிமண்ணில் ஒரு மலை செய்து, உச்சியில் குழி தோண்டி, சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். அதற்குப் பெயர் எரிமலை. பிள்ளைகள் குதிப்பார்கள், போட்டோவும் நன்றாக வரும். மறுநாள் அதே பிள்ளைகளிடம் எரிமலை ஏன் வெடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பூமிக்குள்ளே சோடா இருக்கிறது என்று சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கும். அதன் மேல் குற்றமில்லை. நாம் காட்டியதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. வினிகரும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்று காட்ட அது அருமையான செய்முறை. எரிமலைப் பாடத்துக்கு அது ஒத்துவராது. அங்கே வேலை செய்வது உருகிய பாறைக் குழம்பும் அதில் கரைந்திருக்கும் வாயுக்களின் அழுத்தமும்.

பெரும்பாலான தவறுகளின் வேர் இதுதான். பொருளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பாடத்தை அப்புறம் தேடுகிறோம். ரோபோ கிட் வந்துவிட்டது, டேப்லெட் வாங்கியாகிவிட்டது, இனி இதை வைத்து என்ன நடத்தலாம் என்று யோசிக்கிறோம். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: இந்த நாற்பது நிமிடத்தில் பிள்ளையின் மூளை எதைப் பற்றி யோசிக்க வேண்டும்? பசை ஒட்டுவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் முக்கால்வாசி நேரம் போனால், பிள்ளை கற்றுக்கொண்டதும் பசை ஒட்டுவதைத்தான்.

ஊகிக்க விடாமல் செய்து காட்டுவது

மிதக்குமா, மூழ்குமா என்ற செய்முறையை எடுத்துக்கொள்வோம். ஆணி, கல், இலை, தக்கை என்று நான்கு பொருள்களைத் தண்ணீரில் போடுகிறார்கள். கனமானவை மூழ்கின, லேசானவை மிதந்தன. பிள்ளையிடம் ஏற்கெனவே இருந்த தவறான எண்ணத்தை நாமே முத்திரை குத்தி உறுதி செய்துவிட்டோம்! பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு. பெரிய மரக்கட்டையையும் சின்னக் குண்டூசியையும் அருகருகே வையுங்கள். ஒரே அளவு களிமண்ணை ஒருமுறை உருண்டையாகவும் ஒருமுறை படகு வடிவிலும் போடச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது, நடந்த பிறகு எல்லோரும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். ஊகி, கவனி, விளக்கு என்ற இந்த வரிசை அறிவியல் கற்பித்தலில் நன்கு அறியப்பட்டது. ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் இருவரும் 1992இல் இதை விரிவாக எழுதினார்கள். எழுதிய ஊகம் பொய்த்துப் போகும்போதுதான் பிள்ளைக்கு 'ஏன்?' என்று கேட்கத் தோன்றும்.

கையில் தொடும் முன்பே திரையைக் காட்டுவது

மின்சுற்றுப் பாடத்தில் இது பளிச்சென்று தெரியும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு வயர். இவற்றைக் கொடுத்து 'எரிய வை' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பல பிள்ளைகள் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வயரைக் கொண்டுபோய் பல்பின் அடியில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பேட்டரியிலிருந்து மின்சாரம் குழாய்த் தண்ணீர் மாதிரி வந்து பல்பில் கொட்டும் என்பது அவர்கள் கணக்கு. எரியாது. பல்பைத் திருப்புவார்கள், வயரை அழுத்துவார்கள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புகார் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பல்பின் அடிப்புள்ளியைப் பேட்டரியின் ஒரு முனையில் வைத்து, அதன் பக்கவாட்டு உலோகத்திலிருந்து வயரை மறுமுனைக்குக் கொண்டுபோவார். பல்புக்கும் இரண்டு தொடுமிடங்கள் உண்டு, பாதை போய்த் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கணத்தில் விளங்கும். இதை ஆசிரியர் முதலிலேயே பலகையில் வரைந்து காட்டிவிட்டால் எல்லாப் பல்பும் எரியும், சந்தேகம் மட்டும் யாருக்கும் வராது.

திரை எப்போது வேண்டும் என்றால், இதற்குப் பிறகு. பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும், பல்பு கொஞ்சம் தின்றுவிடும் என்று பிள்ளைகள் நம்புவார்கள். மேசை மேல் இருக்கும் வயரைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது, எலெக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாதே. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் இருக்கும் மின்சுற்று சிமுலேஷனில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் செய்முறையில், எலெக்ட்ரான்கள் நகர்வது தெரியும். பல்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்தால் ஒரே அளவு காட்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது, இலவசம். கண்ணால் காண முடியாததைக் காட்டத்தான் திரை. மேசை மேல் எளிதாகச் செய்யக்கூடியதையே திரையில் இன்னொரு முறை செய்ய வைப்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. அந்தத் திரையில் பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் வயரால் இணைத்தால் தீப்பிடிக்கும். பிள்ளைகளுக்கு அதில் கொண்டாட்டம், வேண்டுமென்றே பற்ற வைப்பார்கள். தடுக்க வேண்டாம். நிஜத்தில் வயர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

விடையைச் சொல்லிவிடுவது

பிள்ளைகள் கட்டளைத் துண்டுகளை அடுக்கிக் கணினி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மொழியில் சதுரம் வரைவது எளிது: 100 அடி நகர், 90 பாகை திரும்பு, இதை 4 முறை செய். அடுத்து முக்கோணம் என்றதும் பிள்ளை 60 பாகை என்று போடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்திருக்கிறதே. ஓட்டினால் முக்கோணம் வராமல், ஏதோ பாதியில் நின்ற வடிவம் வரும் (அது அறுகோணத்தின் மூன்று பக்கம்). இந்த இடத்தில் அவசரப்பட்டு 120 போடு என்று சொல்லிவிடுவதுதான் இந்த வகுப்புகளில் நடக்கும் மிகப் பெரிய வீணடிப்பு என்பேன்.

தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம் வரையுங்கள். பிள்ளையை அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும் நிறுத்தி, "இப்போ எவ்வளவு திரும்பணும்?" என்று கேளுங்கள். நேராகப் பார்த்துக்கொண்டிருந்த உடம்பு அடுத்த பக்கத்தை நோக்கித் திரும்ப வேண்டியது வெளிக்கோணம், அது 120. உடம்பு திரும்பும்போது அது தானாகவே தெரியும். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழி உருவானபோது அதில் பங்கேற்ற கணிதவியலாளர் சீமோர் பாப்பெர்ட் பிற்பாடு ஆமையை (கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் உருவத்தை) வைத்து வலியுறுத்தியதும் இதைத்தான்: ஆமை எப்படிப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் நீயே ஆமையாக நடந்து பார். ஸ்கிராட்ச் அதே மரபில் வந்தது, 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

ஸ்கிராட்ச் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதற்குக் கீழே ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளையைப் பெரியவர்களின் பதிப்பில் உட்கார வைத்துவிட்டு, ஆர்வமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

குழு என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவது

நான்கு பேருக்கு ஒரு கணினி என்றால் ஒருவர் மவுஸைப் பிடிப்பார், ஒருவர் சண்டை போடுவார், மற்ற இருவர் ஜன்னலைப் பார்ப்பார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கை மட்டும், இன்னொருவர் வாய் மட்டும்: வழி சொல்பவர் மவுஸைத் தொடக் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற வேண்டும், அதற்கு மணி அடிக்க வேண்டும். மணி இல்லாவிட்டால் மாற மாட்டார்கள்.

பாதுகாப்பை லேசாக எடுத்துக்கொள்வது

பட்டன் பேட்டரியில் ஒளிரும் வாழ்த்து அட்டை செய்வது இப்போது பரவலாகிவிட்டது. அந்த லித்தியம் பேட்டரியைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாக்கும். சின்ன வகுப்புகளுக்குத் திருகு போட்டு மூடிய பேட்டரிப் பெட்டியே நல்லது. மற்ற வகுப்புகளில் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும் வரை யாரும் வெளியே போகக் கூடாது. யாராவது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனை.

இணையக் கணக்குகள் பற்றியும் ஒரு வார்த்தை. பல சேவைகள் 13 வயதுக்குக் கீழே கணக்கு தருவதில்லை. பிறந்த ஆண்டை மாற்றிப் போடப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். கணக்கே தேவைப்படாத கருவிகள் நிறைய இருக்கின்றன.

நேரத்தைச் செய்வதிலேயே தீர்த்துவிடுவது

பாஸ்வேர்டு மறந்தது, சார்ஜ் இல்லை, வயர் அறுந்தது என்று முதல் பத்து நிமிடம் போகும். கடைசிப் பத்து நிமிடம் பெருக்கவும் எடுத்து வைக்கவும். நடுவில் மிச்சமிருப்பது செய்வதற்கே சரியாகிவிடும், பேச நேரமிருக்காது. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே எல்லோரையும் நிறுத்துங்கள், பாதி வேலை நின்றாலும் பரவாயில்லை. பொருள்களை மேசையில் அப்படியே விட்டுவிட்டு, அவற்றைத் தொடாமல், முதலில் எழுதிய ஊகத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டி எது சரியாக வந்தது, எது வரவில்லை, ஏன் என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது ஆசிரியர் நோட்டோடு சுற்றி வந்தால் போதும், அடுத்த வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது என்பது கிடைத்துவிடும்.