செவர்லே 235 எஞ்சினுக்கு ஹெட்டர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

பழைய செவர்லே 3100 பிக்கப்பில் 1954 முதல் வந்த 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஹெட்டர் (பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாக, புகை எளிதாக வெளியேறப் போடுவது) மாட்டப் போகிறீர்களா? முதலில் பானெட்டைத் திறந்து, எஞ்சினின் இடது பக்கத்தை (வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் இடது) நன்றாகப் பாருங்கள். காற்று-பெட்ரோல் கலவையை உள்ளே கொண்டுபோகும் இன்டேக், புகையை வெளியே கொண்டுவரும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கும், இரண்டையும் ஒரே வரிசை கிளாம்புகள்தான் ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடி) சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. இந்த வேலையில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வாங்கும்போது வார்ப்பிரும்பா, குழாயா என்ற கேள்வி வரும். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் நான் வார்ப்பிரும்பைத்தான் சொல்வேன். 1950களில் ஃபென்டன் என்ற பெயரில் பிரபலமான அந்த இரட்டை ஹெட்டர் வடிவம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கனம் அதிகம்தான், ஆனால் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழாது, சத்தமும் அடக்கமாக இருக்கும். குழாய் ஹெட்டர்தான் வேண்டும் என்றால் ஃப்ளாஞ்ச் (ஹெட்டோடு ஒட்டி உட்காரும் தட்டையான விளிம்பு) தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள், மெல்லிய தகடு சூட்டில் வளைந்துவிடும். இடது பக்க ஸ்டீயரிங் வண்டியில் ஸ்டீயரிங், கிளட்ச் கம்பிகள், டிரைவர் காலடியில் இருக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் இதே பக்கம்தான் என்பதால், பைப் போகும் வழியையும் முன்னாலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை ஹெட்டர் இந்த எஞ்சினுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-3-6-2-4. முன் ஹெட்டரில் 1, 2, 3, பின் ஹெட்டரில் 4, 5, 6 என்று பிரித்தால் முன், பின், முன், பின் என மாறி மாறித்தான் புகை வெளியேறும், ஒரு சிலிண்டரின் புகை பக்கத்துச் சிலிண்டரை முட்டுவது குறையும். சக்தி பெரிதாகக் கூடிவிடாது, ஆனால் மேடு ஏறும்போது எஞ்சின் திணறாமல் இழுப்பதும் அந்தச் சத்தமும் தனி சுகம்.

பழையதைக் கழற்றுவதற்கு முந்தின நாளே ஸ்டட்டுகளுக்கு (ஹெட்டில் திருகி நிற்கும், நட்டு ஏறும் கம்பிகள்) துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். நட்டு அசையவில்லை என்றால் பலம் போடாதீர்கள். பெட்ரோல் லைனைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, நட்டைச் சூடாக்கி, இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிப் பாருங்கள். ஹெட்டுக்குள் ஸ்டட் உடைந்தால் அரை நாள் வேலை மூன்று நாளாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். புது ஹெட்டரின் ஃப்ளாஞ்சும் இன்டேக்கின் ஃப்ளாஞ்சும், கிளாம்ப் உட்காரும் இடத்தில் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கிளாம்ப் தடித்ததை மட்டும் அழுத்தும், மற்றது கசியும். நான் முதல்முறை இதை அளக்காமல் மாட்டி, டப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்து இரண்டு தடவை வால்வு இடைவெளி சரிசெய்தேன். கடைசியில் பார்த்தால் எக்ஸாஸ்ட் கசிவு! வெர்னியரால் அளந்து, தடித்த பக்கத்தை மெஷின் ஷாப்பில் கொடுத்து சீவிவிடுங்கள். இன்டேக் போர்ட் மூன்றிலும் இருக்கும் வழிகாட்டி வளையங்களைத் தொலைக்காமல் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள்.

அப்புறம் கார்புரேட்டர் சூடு. பழைய அமைப்பில் எக்ஸாஸ்ட் இன்டேக்கின் அடிப்பகுதியைச் சூடாக்கும், ஹெட்டர் போட்டதும் அது போய்விடும். ஈரமான குளிர்காலையில் கார்புரேட்டரில் பனி கட்டி எஞ்சின் நின்றுவிடும். ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் அடித்தகடு ஒன்றை இன்டேக்குக்குக் கீழே மாட்டி, ஹீட்டர் ஹோஸிலிருந்து இணைப்புக் கொடுங்கள். குளிர் ஊரில் இருப்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

மாட்டும்போது எல்லா நட்டையும் கையால் திருகி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு மூன்று சுற்றாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சைலன்ஸர் வரை பைப் இணைத்து முடிந்ததும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டெயில் பைப்பில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. சரி, எதுவும் வரவில்லையா? ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள், முழுக்க ஆறவிட்டு மறுபடி நட்டுகளைச் சரிபாருங்கள், இடையில் கசிவைத் தடுக்க வைத்த புது கேஸ்கெட் அழுந்திக் கொடுத்திருக்கும். அந்த முதல் வாரம் இதை இரண்டு மூன்று முறை செய்தாலும் தப்பில்லை.